கட்டற்ற மென்பொருளின் கதை – 14: பத்தாயிரம் பெயர்கள்

சென்ற பகுதிகளில்

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் குனு திட்டத்தை அறிவித்ததிலிருந்து கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வரலாறு தொடங்குகிறது. ஒரு மென்பொருளை எந்த நோக்கத்திற்கும் இயக்குவது, அதன் மூல நிரலைப் படித்து மாற்றுவது, படியெடுத்துப் பிறருக்குத் தருவது, மாற்றிய வடிவத்தையும் பகிர்ந்துகொள்வது என்னும் நான்கு உரிமைகளும் பயனருக்கு உண்டு என்பதே அந்த இயக்கம் வகுத்த அடிப்படை. மூல நிரல் என்பது நிரலாளர் எழுதும் கட்டளைத் தொகுப்பு. அது கைக்கு எட்டாதவரை மென்பொருள் பூட்டிய பெட்டியாகவே இருக்கும்.

உலாவிச் சந்தையில் மைக்ரோசாஃப்ட்டிடம் தோற்றுக்கொண்டிருந்த நெட்ஸ்கேப் நிறுவனம், 1998 மார்ச் 31 அன்று தன் உலாவியின் மூல நிரலை உலகத்தின் முன் திறந்து வைத்ததையும், அதிலிருந்து மோசில்லா திட்டம் பிறந்ததையும், நெட்ஸ்கேப்பை விலைக்கு வாங்கிய ஏஓஎல் நிறுவனம் 2003 ஜூலை 15 அன்று அத்திட்டத்தைக் கைகழுவியபோது மோசில்லா அறக்கட்டளை என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு உருவானதையும் சென்ற பகுதிகள் விவரித்தன.

கைவிடப்பட்ட அந்தத் திட்டம் பதினாறே மாதங்களில் சாதாரண மக்களின் வீட்டுக் கணினிக்குள் நுழைந்தது எவ்வாறு என்பதே இந்த வாரத்தின் பொருள்.

பத்துப் பேரும் ஒரு பேரரசும்

அறக்கட்டளை பிறந்த நாளில் அதன் கையிருப்பு விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்தது. இரண்டு ஆண்டுகளில் தருவதாக ஏஓஎல் உறுதியளித்த 20 லட்சம் டாலர், லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் அறக்கட்டளையின் தலைவருமான மிட்ச் கேப்பர் அளிக்க முன்வந்த 3 லட்சம் டாலர், ஏறத்தாழப் பத்து ஊழியர்கள், மோசில்லா என்னும் பெயர் ஆகியவையே அதன் சொத்து. வழக்கறிஞரான மிட்செல் பேக்கர் அதன் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார்.

எதிரே நின்ற இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், உலகில் இணையத்தைப் பயன்படுத்தியோரில் ஏறத்தாழ 95 சதவீதத்தினரின் திரையில் இருந்தது. அது மக்கள் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த உலாவி அன்று. விண்டோஸ் இயங்குதளத்தோடு பிணைக்கப்பட்டுக் கணினி வாங்கும்போதே உடன் வந்துவிட்டது. உலாவி என்பது தனியான ஒரு மென்பொருள் என்பதையும், ஒன்றுக்குப் பதிலாக வேறொன்றை வைத்துக்கொள்ளலாம் என்பதையும் அறியாத கோடிக்கணக்கானோருக்கு, திரையின் மூலையில் இருந்த நீல நிறப் படவுருவே இணையமாக இருந்தது.

நெட்ஸ்கேப்பின் உரிமையாளரே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டதுதான் நிலைமையின் கொடுமை. 2003 மே மாத இறுதியில் ஏஓஎல்லும் மைக்ரோசாஃப்ட்டும் தங்களுக்கிடையிலான வழக்கை முடித்துக்கொண்டபோது, மைக்ரோசாஃப்ட் 75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதோடு, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை ஏழு ஆண்டுகள் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமையையும் ஏஓஎல்லுக்கு வழங்கியது. போட்டி உலாவியைச் சொந்தமாக வைத்திருந்த நிறுவனமே எதிராளியின் உலாவியைத் தன் வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்போகிறது என்றால், மோசில்லாவுக்கு அந்த வீட்டில் இனி என்ன வேலை?

கட்டற்ற மென்பொருள் அன்றைக்குள் தோற்றுப்போயிருந்தது என்றும் சொல்வதற்கில்லை. உலகின் இணையதளங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை அப்பாச்சி என்ற கட்டற்ற வழங்கி மென்பொருளே, அதாவது பக்கங்களைக் கேட்பவருக்கு அனுப்பிவைக்கும் நிரலே, பரிமாறிக்கொண்டிருந்தது. லினக்ஸ் இயங்குதளம் பெரிய நிறுவனங்களின் கணினிக்கூடங்களில் வேரூன்றியிருந்தது. ஆயினும் அந்த வெற்றிகள் எல்லாம் பொதுமக்களின் கண்ணுக்குப் படாத பின்கட்டில் நிகழ்ந்தவை. கட்டற்ற மென்பொருள் அனுப்பிய பக்கத்தைப் பூட்டிய மென்பொருளின் வழியாகப் படித்த வாசகருக்கு, அப்படியொரு இயக்கம் இருப்பதே தெரிய வாய்ப்பில்லை.

பின்கட்டிலிருந்து முன்வாசலுக்கு வருவதற்கு அந்த இயக்கத்திடம் அப்போது வழி ஏதும் இருக்கவில்லை. வழி கண்டவர்கள், மோசில்லாவின் சொந்தப் படைப்பின்மேலேயே மனக்குறை கொண்ட சில இளைஞர்கள்.

*

குறைப்பதற்கு வேண்டிய துணிவு

நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின் 2002 ஜூன் 5 அன்று வெளிவந்த மோசில்லா 1.0, உலாவி, மின்னஞ்சல், பக்கம் வடிவமைக்கும் கருவி, அரட்டை எனப் பல செயலிகளை ஒரே மூட்டையாகக் கட்டிய தொகுப்பாக இருந்தது. அதன் உள்ளே இருந்த கெக்கோ என்னும் பொறி, அதாவது வலைப்பக்கத்தின் குறிகளைப் படித்துத் திரையில் வரைந்து காட்டும் பகுதி, தரத்தில் எவருக்கும் இளைத்ததன்று. சுற்றியிருந்த உடல்தான் பருத்திருந்தது. தொடங்க நேரம் பிடித்தது. பட்டியலுக்குள் பட்டியலாக விருப்பத்தேர்வுகள் விரிந்தன.

திறந்த திட்டங்களுக்கே உரிய ஒரு பலவீனம் இதற்குக் காரணமாயிற்று. பலர் சேர்ந்து ஆக்கும் மென்பொருளில் இரு தரப்பினர் கருத்து வேறுபட்டால், யாரையும் புண்படுத்தாமல் சிக்கலைத் தீர்க்கும் எளிய வழி, இரண்டு ஏற்பாடுகளையும் வைத்துக்கொண்டு தேர்வைப் பயனரிடம் விட்டுவிடுவதே ஆகும். ஆக்குவோரின் சமரசம் ஒவ்வொன்றும் பயனரின் தலையில் ஒரு கேள்வியாக இறங்குகிறது. நிரலாளருக்குச் சுதந்திரமாகத் தோன்றும் அதே தேர்வு, கடிதம் படிக்க வந்தவருக்கு இடையூறாகத் தோன்றுகிறது.

ஏஓஎல்லின் வணிக நலன் இன்னொரு சுமையாக அமைந்தது. பக்கத்தைத் திறந்ததும் தாமே முன்னால் எழும்பி நிற்கும் விளம்பரச் சாளரங்களைத் தடுக்கும் வசதி மோசில்லாவில் இருந்தது. அதே நிரலை அடிப்படையாகக் கொண்டு 2002 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட நெட்ஸ்கேப் 7.0இல் அந்த வசதி நீக்கப்பட்டிருந்தது. பயனருக்கு மிகுந்த நிம்மதி தந்திருக்கக்கூடிய ஒன்று விளம்பர வருவாயோடு மோதியபோது, எது வென்றது என்பதை அந்த நீக்கமே காட்டிவிட்டது.

நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய டேவ் ஹயாட், ஜோ ஹியூவிட் ஆகியோரும், பள்ளி மாணவராக இருக்கும்போதே அங்கே பயிற்சிக்கு வந்த புளோரிடா இளைஞர் பிளேக் ராஸும் தொகுப்பிலிருந்து உலாவியை மட்டும் பிரித்தெடுக்கும் முயற்சியில் இறங்கினர். அது 2002 செப்டம்பர் 23 அன்று பீனிக்ஸ் 0.1 என்ற பெயரில் வெளிவந்தது. சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர், நெட்ஸ்கேப்பின் கதியை எண்ணிப் பார்க்கும்போது தற்செயலாகத் தோன்றவில்லை. ஹயாட் ஆப்பிள் நிறுவனத்திற்குச் சென்ற பிறகு, நியூசிலாந்தில் வளர்ந்த பென் குட்ஜர் தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்றார்.

அவர்கள் எடுத்த முடிவுகளில் மிகவும் கசப்பானதும் மிகவும் பயன் தந்ததும் ஒன்றே. பயனர் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் மாற்றம் செய்யும் உரிமையை ஒரு சிலரிடம் மட்டுமே வைத்துக்கொண்டனர். மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருந்தது. எடுத்துச் சென்று மாற்றிக்கொள்ள எவருக்கும் தடை இல்லை. ஆனால் இந்த உலாவியில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பொது வாக்கெடுப்புக்கு விடுவதில்லை என்று உறுதி பூண்டனர்.

இந்த முடிவு மோசில்லாவுக்குள் மனத்தாங்கலை உண்டாக்கியது. ஆயினும் அந்தச் சிறு குழு ஓயாமல் கேட்டுக்கொண்ட கேள்வி, கணினி அறியாத தாயோ தந்தையோ இதைக் கண்டால் என்ன செய்வார் என்பதுதான். அந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடிக்காத வசதிகள் வெளியேறின. வல்லுநருக்கு வேண்டியவை நீட்சிகள் என்ற தனிச் செருகல்களாகப் பிரிந்தன. நீட்சி என்பது உலாவியோடு விரும்பியவர் மட்டும் இணைத்துக்கொள்ளும் சிறு நிரல். அதனால் அடிப்படை உலாவி எளிமையாகவும், தேவைப்பட்டவருக்கு அது விரிந்துகொடுப்பதாகவும் இருக்க முடிந்தது.

மிஞ்சியவை சில. ஒரே சாளரத்திற்குள் பல பக்கங்களை ஏட்டின் தாள்களைப் போல் அடுக்கிக்கொள்ளும் டேப் வசதி, எழும்பும் விளம்பரங்களைத் தடுக்கும் காவல், மேல் வலது மூலையில் ஒரு சிறிய தேடல் பெட்டி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. அந்தத் தேடல் பெட்டியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் பகுதி முடிவதற்குள் அது மீண்டும் வரும்.

*

மூன்று பெயர்கள்

பீனிக்ஸ் என்ற பெயருக்கு ஏற்கெனவே உரிமையாளர் இருந்ததால், 2003 ஏப்ரலில் அந்த உலாவி ஃபயர்பேர்ட் எனப் பெயர் மாறியது. அந்தப் பெயரிலோ ஒரு தரவுத்தள மென்பொருள் திட்டம் முன்பே இயங்கிவந்தது. அதுவும் திறந்த மூலத் திட்டம் என்பதால், பெருநிறுவனம் ஒன்றின் வழக்கறிஞர் கடிதத்தைவிட அந்தத் தன்னார்வலர்களின் எதிர்ப்பு கூடுதலாக வலித்தது.

2004 பிப்ரவரி 9 அன்று 0.8 பதிப்பு வந்தபோது பெயர் ஃபயர்ஃபாக்ஸ் என்று நிலைபெற்றது. இமயமலைச் சரிவுகளில் வாழும் சிவப்புப் பாண்டாவுக்கு வழங்கும் பெயர்களில் அதுவும் ஒன்று. இந்த முறை வணிகக்குறி உரிமையை முன்கூட்டியே ஆராய்ந்து பதிந்துகொண்டனர். தன்னார்வ வடிவமைப்பாளர்களின் கருத்திலிருந்து, பிரிட்டனின் ஜான் ஹிக்ஸ் வரைந்த சின்னத்தில், நீல உலக உருண்டையைச் சுற்றித் தீயால் ஆன வாலுடன் ஒரு நரி சுருண்டு படுத்திருந்தது.

பெயரும் படமும் மென்பொருளின் தரத்தைக் கூட்டுவதில்லை என்று கருதும் வழக்கம் கட்டற்ற மென்பொருள் உலகில் ஆழமாக இருந்தது. பெரும்பாலான திட்டங்களின் பெயர்கள் ஆக்கியவர்களுக்கு மட்டுமே விளங்கும் சுருக்கெழுத்துகளாக இருந்தன. ஆனால் சாதாரண மனிதர் ஒரு பொருளை இன்னொருவருக்குப் பரிந்துரைக்க வேண்டுமானால், அதன் பெயர் வாயில் நுழைய வேண்டும். அதன் உருவம் நினைவில் நிற்க வேண்டும். வாய்மொழியால் பரவப்போகும் பொருளுக்குப் பெயரே கால் என்பதை மோசில்லா அந்த இரண்டு பெயர் மாற்றங்களின் வழியே கற்றுக்கொண்டது.

*

2004 ஜூன்: வலைக்குள் ஒளிந்திருந்த வலை

எளிய உலாவி ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. ஆனால் மக்கள் அதைத் தேடிவர ஒரு காரணம் வேண்டியிருந்தது. நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எவரும் பழகிய கருவியை மாற்றுவதில்லை. பழகிய கருவி அச்சம் தரத் தொடங்கும்போதுதான் மாற்றத்திற்கு மனம் இசைகிறது.

அந்த அச்சத்திற்கான வித்து மூன்றாண்டுகளுக்கு முன்பே ஊன்றப்பட்டிருந்தது. 2001 ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு வெளிவந்த பிறகு, போட்டியே இல்லாத சந்தையில் மைக்ரோசாஃப்ட் அதை மேம்படுத்தும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. தனி உலாவியாக அது இனி வெளிவராது என்று 2003இல் அறிவிக்கவும் செய்தது. இயங்குதளத்தோடு அதைப் பின்னிப் பிணைத்திருந்ததால், உலாவியில் ஏற்படும் ஓட்டை கணினி முழுவதற்குமான வாசலாக மாறும் ஆபத்தும் சேர்ந்தே வளர்ந்தது.

2004 ஜூன் மாத இறுதியில் அந்த ஆபத்து வெளிப்பட்டது. மைக்ரோசாஃப்ட்டின் வழங்கி மென்பொருளில் இயங்கிய பல இணையதளங்களுக்குள் தாக்குவோர் புகுந்து, பக்கங்களின் அடியில் ஒரு சிறு நிரலை ஒட்டிவைத்தனர். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அந்தப் பக்கத்தைத் திறந்தாலே போதும். அதில் திருத்தப்படாதிருந்த குறைபாடுகளின் வழியே தொலைவிலிருந்த ஒரு கணினியிலிருந்து தீநிரல் இறங்கி, பயனர் தட்டும் எழுத்துகளைக் கவர்ந்துகொள்ளும். டவுன்லோட்.ஜெக்ட் என்று பெயரிடப்பட்ட இந்தத் தாக்குதலின் புதுமை, அது நம்பிக்கைக்குரிய தளங்களின் வழியாகவே வந்ததில் இருந்தது.

அதுவரை பயனருக்குச் சொல்லப்பட்டுவந்த அறிவுரை, தெரியாத தளங்களுக்குச் செல்லாதீர்கள், ஐயத்திற்குரிய கோப்புகளைத் திறக்காதீர்கள் என்பதாக இருந்தது. ஒழுங்காக நடந்துகொண்டவரும் ஒழுங்கான தளத்திற்குச் சென்றதாலேயே பாதிக்கப்படுவார் என்றால், அந்த அறிவுரைக்குப் பொருள் இல்லை.

அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைக் குழுவான யுஎஸ்-செர்ட், பாதுகாப்புக்கான வழிகளை அடுக்கிய தன் குறிப்பில் வேறொரு உலாவியைப் பயன்படுத்துவதையும் ஒரு வழியாகச் சேர்த்தது. உலர்ந்த தொழில்நுட்ப மொழியில் எழுதப்பட்ட அந்த ஒற்றை வரி, செய்தித்தாள்களின் வழியே பொதுமக்களைச் சென்றடைந்தபோது, அரசே உலாவியை மாற்றச் சொல்கிறது என்ற செய்தியாக உருமாறியது. அப்போது மைக்ரோசாஃப்ட்டுக்கே உரியதாக இருந்த ஸ்லேட் இதழிலும் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறப் பரிந்துரைக்கும் கட்டுரை வெளிவந்தது.

அந்த ஜூன் மாதத்தின் நடுவில்தான் ஃபயர்ஃபாக்ஸின் 0.9 பதிப்பு வெளிவந்திருந்தது. பழைய உலாவியில் சேர்த்து வைத்திருந்த விருப்பப் பக்கங்களையும் அமைப்புகளையும் தானே எடுத்துவந்து புதிய உலாவியில் வைக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. வீடு மாறுபவருக்கு முதல் தயக்கம் புதிய வீட்டைப் பற்றியதன்று, சாமான்களை ஏற்றி இறக்குவதைப் பற்றியது. அந்தத் தயக்கத்தை நீக்கும் வசதி, மக்கள் வாசலுக்கு வந்து நின்ற அதே வாரங்களில் ஆயத்தமாக இருந்தது.

அடுத்த ஒரு மாதத்திற்குள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பங்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைந்ததாக இணையப் போக்குவரத்தை அளவிட்ட நிறுவனம் ஒன்று தெரிவித்தது. எண் சிறியதுதான். ஆனால் ஏறுமுகத்தை மட்டுமே கண்டிருந்த ஒரு கோடு பல ஆண்டுகளுக்குப் பின் கீழ்நோக்கி வளைந்தது.

*

நூறு மணி நேரம்

மோசில்லாவிடம் இப்போது நல்ல பொருள் இருந்தது. அதைக் கேட்கும் மக்களும் இருந்தனர். அவர்களுக்கு அறிவிப்பதற்குப் பணம் இல்லை. விளம்பர நிறுவனத்தை அமர்த்தவோ தொலைக்காட்சியில் நேரம் வாங்கவோ இயலாத அந்த அறக்கட்டளை, நிரல் எழுதுவதற்குக் கையாண்ட முறையையே விளம்பரத்திற்கும் கையாளத் துணிந்தது.

மோசில்லாவின் நிரலை உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் எழுதினர், பிழைகளைச் சோதித்தனர், மொழிபெயர்த்தனர். இவற்றில் எதையும் செய்யத் தெரியாத, ஆனால் உலாவியை விரும்பிய பெருங்கூட்டத்திற்கு மட்டும் திட்டத்தில் இடமே இருக்கவில்லை. பிளேக் ராஸ், ஏசா டாட்ஸ்லர், பார்ட் டெக்ரெம் முதலியோர் அந்தக் கூட்டத்திற்காக 2004 செப்டம்பரில் ஃபயர்ஃபாக்ஸைப் பரப்புவோம் என்ற பொருள் தரும் பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான ஹோவர்ட் டீன் பரப்புரையில் தொண்டர்களை இணைக்க உருவாக்கப்பட்டதிலிருந்து வளர்ந்த ஒரு கட்டற்ற மென்பொருளே அதன் தளத்தைத் தாங்கியது.

வேலை எளிமையாக வகுக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தம் வலைப்பதிவிலோ தளத்திலோ ஒரு சிறு பொத்தானை ஒட்டிவைப்பர். அதைச் சொடுக்கிப் பதிவிறக்கப் பக்கத்திற்கு வருவோரின் எண்ணிக்கை ஒட்டியவரின் கணக்கில் புள்ளியாகச் சேரும். முன்னணியில் இருப்போரின் பெயர்கள் பட்டியலில் ஏறும். நிரல் எழுதியவருக்குத் திட்டத்தில் கிடைத்த மதிப்பு, நிரலைப் பரப்பியவருக்கும் கிடைக்கத் தொடங்கியது.

1.0 பதிப்புக்கான முன்னோட்டம் 2004 செப்டம்பர் 14 அன்று வெளியானபோது, பத்து நாளில் பத்து லட்சம் பதிவிறக்கம் என்ற இலக்கு அறிவிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையைத் தொட நூறு மணி நேரமே போதுமானதாக இருந்தது.

பொத்தானின் வேகம் ஒரு பாதிதான். மறுபாதி வீடுகளுக்குள் நிகழ்ந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்த மாணவர் பெற்றோரின் கணினியில் ஃபயர்ஃபாக்ஸை நிறுவினார். நண்பரின் கணினியைப் பழுதுபார்க்கப் போனவர் போகிற போக்கில் அதை வைத்துவிட்டு வந்தார். விண்டோஸுக்கான பதிப்பு 4.7 மெகாபைட் மட்டுமே என்பதால், தொலைபேசிக் கம்பியில் இணையம் ஓடிய வீடுகளிலும் கால்மணி நேரப் பொறுமையில் அது இறங்கிவிட்டது. பொருளை ஆக்கியவர்களை அறியாதவரும், கொண்டுவந்து கொடுத்தவரை அறிந்திருந்தார். ஒருவரும் கேள்விப்பட்டிராத மென்பொருளுக்கு இல்லாத நம்பகத்தை அந்த அறிமுகம் ஈடுசெய்தது.

*

பெயர்களால் ஆன விளம்பரம்

அந்த இயக்கத்திற்குள்ளிருந்து இன்னும் துணிச்சலான ஒரு யோசனை எழுந்தது. ஃபயர்ஃபாக்ஸ் பயனர்களில் ஒருவரும் மினியாபோலிஸ் நகரில் மக்கள் தொடர்புத் துறையில் பணியாற்றியவருமான ராப் டேவிஸ், பயனர்கள் பணம் திரட்டி 1.0 வெளியீட்டை ஒரு பெரிய நாளிதழில் விளம்பரப்படுத்தலாம் என்று முன்மொழிந்தார். இணையத்திற்கு வெளியே, காலையில் காகிதத்தில் செய்தி படிப்பவரின் கைக்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் நோக்கம்.

2004 அக்டோபர் 19 அன்று வேண்டுகோள் வெளியானது. ஒருவருக்கு 30 டாலர், மாணவருக்குச் சலுகைத் தொகை. கொடுத்தவரின் பெயர் விளம்பரத்தில் அச்சாகும். பத்து நாளுக்குள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் சேர்ந்து 2,50,000 டாலர் அளவுக்குத் திரட்டிவிட்டனர்.

இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு மக்கள் எதற்காகப் பணம் தந்தனர் என்பது இந்த வரலாற்றின் மையக் கேள்விகளில் ஒன்று. பொருளின் விலையாக அதைத் தரவில்லை என்பது தெளிவு. வேறு யாரோ ஆக்கி விற்றதை வாங்குபவராக மட்டுமே இருந்து பழகியவர்கள், தங்களுக்கும் ஆக்கத்தில் பங்குண்டு என்பதை முதன்முறையாக உணர்ந்தனர். அந்தப் பங்கைப் பெயர் பொறித்து நிலைநாட்ட விரும்பினர். ஊர்க் கோயில் திருப்பணிக்குத் தந்தவரின் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கும் மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த மனநிலையைப் புரிந்துகொள்வது கடினமன்று.

ஃபயர்ஃபாக்ஸ் 1.0 திட்டமிட்டபடி நவம்பர் 9 அன்று வெளியானது. முதல் நாளிலேயே பத்து லட்சத்தைத் தாண்டிய பதிவிறக்கம், ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு கோடியை எட்டியது. டிசம்பர் தொடக்கத்தில் ஜெர்மானியப் பயனர்கள் தாங்களே திரட்டிய பணத்தில் ஃபிராங்க்ஃபுர்ட்டர் அல்கெமைனே நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டனர்.

பத்தாயிரம் பெயர்களைப் பிழையின்றி அடுக்கும் வேலை எதிர்பார்த்ததைவிட நீண்டதால், அமெரிக்க விளம்பரம் 2004 டிசம்பர் 16 அன்றுதான் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் இரு பக்கங்களில் வெளிவந்தது. ஒரு பக்கம், உலாவியால் சலிப்புற்ற வாசகரிடம் அவரைப் போல் பலர் உண்டு என்றும் மாற்று இருக்கிறது என்றும் பேசியது. மற்றொரு பக்கம் பொடி எழுத்தில் பெயர்களால் நிறைந்திருந்தது.

அதே மாதத்தில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம், பாதுகாப்பைக் காரணம் காட்டி, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் தவிர்க்குமாறு தன் மாணவருக்கும் ஊழியருக்கும் அறிவுறுத்தியது. 2005 பிப்ரவரி 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில் பில் கேட்ஸ், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஏழாம் பதிப்பு வரவிருப்பதாக அறிவித்தார். தனி உலாவியாக இனி வராது என்று சொல்லப்பட்டிருந்த மென்பொருள், போட்டி திரும்பியதும் மீண்டும் உயிர்பெற்றது. அதற்கு மறுநாள் ஃபயர்ஃபாக்ஸின் பதிவிறக்க எண்ணிக்கை இரண்டரைக் கோடியைத் தொட்டது.

ஃபயர்ஃபாக்ஸை ஒருநாளும் நிறுவாதவர்களும் அந்த ஏழாம் பதிப்பின் அறிவிப்பால் பயனடைந்தனர். கட்டற்ற மென்பொருள் தன்னைப் பயன்படுத்தாதவருக்கும் நன்மை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

*

சொல்லாமல் விட்ட சொல்

இந்த வெற்றிக்குள் ஒரு மௌனம் உறைந்திருந்தது. ஃபயர்ஃபாக்ஸை மக்களிடம் கொண்டுசென்ற வாசகங்களில் வேகம் இருந்தது, பாதுகாப்பு இருந்தது, எளிமை இருந்தது. ஸ்டால்மன் இருபது ஆண்டுகளாக வலியுறுத்திவந்த உரிமை என்ற சொல் முன்வரிசையில் இல்லை. எழும்பும் விளம்பரங்கள் தொலைந்தன என்று மகிழ்ந்த பயனர்களில், அந்த நிரலைத் தாம் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்பதை அறிந்தோர் சிலரே.

அதனைக் குறை என்று மட்டும் கொள்வது முறையாகாது. கொள்கையை ஏற்ற பிறகுதான் கருவியைத் தொட வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தால், அந்தக் கோடிக்கணக்கானோர் வாசலோடு திரும்பியிருப்பர். எனினும் பயனுக்காக மட்டும் வந்தவர், அதைவிடப் பயன் தரும் பூட்டிய பெட்டி ஒன்று கிடைத்த நாளில் எதன்பொருட்டு நிற்பார் என்ற வினா அன்றே எழுந்திருக்க வேண்டும். உரிமையை அறிந்தவருக்கு அது நிற்பதற்கான காரணம். அறியாதவருக்கு அப்படியொரு காரணமே இல்லை.

அந்த வினா எழுவதற்கு முன் வேறொன்று நிகழ்ந்தது. மேல் வலது மூலையில் இருந்த சிறிய தேடல் பெட்டியும், உலாவி திறந்ததும் தோன்றிய தொடக்கப் பக்கமும் பயனரைக் கூகுளுக்கு அழைத்துச் சென்றன. அவ்வாறு சென்றவர்களின் தேடல்களிலிருந்து கூகுள் ஈட்டிய விளம்பர வருவாயில் ஒரு பங்கு ஒப்பந்தப்படி மோசில்லாவுக்கு வந்தது. 20 லட்சம் டாலரோடு தொடங்கிய அமைப்பின் வருவாய் 2005ஆம் ஆண்டில் 5 கோடி டாலரைத் தாண்டியது. அதன் பெரும்பகுதி தேடல் பெட்டியின் வழியே வந்தது.

அந்த 2005 ஜனவரியிலேயே தலைமைப் பொறியாளர் பென் குட்ஜர், ஃபயர்ஃபாக்ஸ் பணியைத் தொடர்ந்துகொண்டே, கூகுளின் ஊழியராகச் சேர்ந்தார்.

பத்தாயிரம் பேர் பணம் தந்து தம் பெயரைப் பொறித்துக்கொண்ட உலாவி, இப்போது ஒரே ஒரு நிறுவனத்தின் காசோலையில் வாழத் தொடங்கியது. ஒரு பேரரசின் பிடியிலிருந்து மக்களை மீட்டெடுத்த அந்த மென்பொருள், படியளக்கும் நிறுவனமே ஒருநாள் சொந்தமாக உலாவி செய்யத் துணிந்தால், யாரை நம்பி நிற்கும்?

(அடுத்த வாரம் தொடரும்)